ஹோம் சர்வீஸ் ஆரம்பிக்கிறீங்களா? கலர் பையில என்ன வைக்கணும், என்ன வாங்கவே கூடாது

போன மாசம் என்கிட்ட ரெண்டு வருஷம் கூட இருந்து வேலை கத்துக்கிட்ட பொண்ணு, இனிமே தனியா ஹோம் சர்வீஸ் போகப்போறேன்க்கான்னு சொன்னா, சந்தோஷமா போய்ட்டு வாடின்னு அனுப்பி வச்சேன். மறுநாளே சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் போய் 35 ட்யூப் ஹேர் கலர் அள்ளிட்டு வந்து கட்டில் மேல அடுக்கி போட்டோ அனுப்புறா. பர்கண்டி இருக்கு, காப்பர் இருக்கு, வயலட் இருக்கு, ஆஷ் பிளாண்ட் கூட இருக்கு. நரைக்கு போடுற சாதா பிரவுன் மட்டும் ஒண்ணே ஒண்ணு. திட்டணும்னு வந்துச்சு, ஆனா நான் ஆரம்பிச்சப்ப பண்ணதும் அச்சு அசல் இதேதான், அதனால வாயை மூடிக்கிட்டேன். அவளுக்கு அப்புறமா போன்ல சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி சுத்தி ஸ்கூட்டில போய் பண்றவ, அதனால எல்லாம் இந்த ஏரியா கணக்குதான்.

முதல்ல உங்களை யாரு வீட்டுக்கு கூப்பிடப் போறாங்கன்னு யோசிங்க. காலேஜ் பொண்ணுங்க கலர் பண்ணணும்னா ஏசி சலூனுக்குத்தான் போவாங்க, அங்க கண்ணாடி முன்னாடி செல்ஃபி எடுக்குறதே பாதி ஆசை. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுறது முட்டி வலி இருக்குற ஆன்ட்டி, கைக்குழந்தைய விட்டுட்டு வெளிய வர முடியாத பொண்ணு, ஆபீஸ் முடிஞ்சு எட்டு மணிக்கு வர்ற மேடம், பையன் கல்யாணம் நெருங்குதுன்னு திடீர்னு தலைய பாத்து பதறுற அம்மா. என் நோட்டைப் புரட்டினா பத்துல எட்டு பேருக்கு ஒரே வேலைதான், வகிடுல எட்டிப் பாக்குற வெள்ளைய மறைக்கணும். அப்போ பையில இருக்க வேண்டியதும் அதுக்கான ட்யூப்தான்.

ட்யூப் நம்பர்ல புள்ளிக்கு முன்னாடி இருக்குறது முடி எவ்வளவு கருப்பு எவ்வளவு வெளுப்புன்னு சொல்றது, 1 கருப்பு, 10 நல்லா வெளுத்த பிளாண்ட். நம்ம ஊர் முடி பெரும்பாலும் 1ல இருந்து 3க்குள்ளதான். புள்ளிக்கு அப்புறம் வர்றது சாயல், செம்பு, தங்கம், சாம்பல் சாயல் ஆஷ் அந்த மாதிரி. நரை மூடுறதுக்கு தனியா சாயல் எதுவும் சேராத நேச்சுரல் வரிசைதான் நம்பிக்கையானது, சாயல் ஷேட மட்டும் தனியா வெள்ளை மேல போட்டா சில இடத்துல கண்ணாடி மாதிரி உள்ள தெரியும், கஸ்டமர் கேட்டாங்கன்னா பாதிக்கு பாதி நேச்சுரல் சேத்து கலக்கணும். ஆரம்பத்துக்கு நேச்சுரல்ல 3ம் 4ம் ரெண்டு ரெண்டு, 1ம் 5ம் ஒவ்வொண்ணு. மொத்தம் 6 ட்யூப். நிஜமா அவ்வளவுதான்.

கருகருன்னு வேணும்னு கேப்பாங்க, 60 வயசு முகத்துக்கு மேல 1 போட்டா விக் வச்ச மாதிரி இருக்கும், 3 போட்டுப் பாப்போம் ஆன்ட்டி, பத்தலன்னா அடுத்த தடவை நம்பரை இறக்கி இன்னும் கருப்பாக்கிக்கலாம்னு சொல்லுங்க. இறக்குறது ஈசி, ஏத்துறதுதான் கஷ்டம், ஏற்கெனவே டை அடிச்ச முடி மேல வெளுப்பான கலர் போட்டா அது வெளுக்காது, பழைய கலரை பிளீச்சோ கலர் ரிமூவரோ போட்டுத்தான் எடுக்கணும்.

பிராண்ட் விஷயத்துல ஒண்ணு சொல்றேன், எந்த கம்பெனியா இருந்தாலும் சரி, முதல் ஆறு மாசம் ஒண்ணையே பிடிச்சுக்கோங்க. ஏன்னா நம்பருக்கு எல்லா கம்பெனிலயும் ஒரே அர்த்தம் கிடையாது. லோரியால்ல புள்ளிக்கு அப்புறம் 7 வந்தா பச்சை சாயல் மேட், ஷ்வார்ஸ்காஃப் இகோரால 7 வந்தா காப்பர், வெல்லால அதே 7 பிரவுன். ஒண்ணோட சார்ட்ட மனசுல வச்சுக்கிட்டு இன்னொண்ண வாங்கினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கலக்குற அளவும் அப்படித்தான், லோரியால் மாஜிரெல்னா கலர் ஒரு பங்குக்கு டெவலப்பர், அதான் கலரோட கலக்குற பெராக்சைடு, ஒன்றரை பங்கு, இகோரா ராயல் ஒண்ணுக்கு ஒண்ணு. கண்ணளவுல ஊத்தாதீங்க, கிச்சன்ல வைக்குற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குங்க, என் பையிலேயே உருப்படியான பொருள் அதுதான். வேர்ல வளந்த வெள்ளைய மட்டும் மூடுற ரூட் டச்சப்புக்கு மாஜிரெல்னா 30 கிராம் கலர், 45 டெவலப்பர், மிச்ச ட்யூப் அடுத்த ஆளுக்கு. ட்யூப்ப அடியில இருந்து சுருட்டி காத்தை வெளிய தள்ளி மூடி, மார்க்கர்ல தேதி எழுதிடுங்க. கலக்கினது மிச்சமானா அதை எடுத்து வைக்காதீங்க, அது ஏற்கெனவே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு, அடுத்த வீட்டுக்கு போறதுக்குள்ள செத்துடும், டப்பால போட்டு இறுக்கி மூடினா உப்பி வெடிக்கவும் வெடிக்கும்.

சரி, பர்கண்டி கேக்குற அந்த ரெண்டு பேருக்கு என்ன பண்றது? இங்கதான் நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்ட விஷயம் வருது. புது கஸ்டமர் யாரா இருந்தாலும் 48 மணி நேரம் முன்னாடி பேட்ச் டெஸ்ட், அதான் தோல்ல துளி கலர் தடவி அலர்ஜி வருதான்னு பாக்குறது, பண்ணியாகணும்ல, அந்த ரெண்டு நாள்தான் நம்ம ஸ்டாக் ரூம். டெஸ்ட்டுக்கு போறப்பவே ஷேட் கார்டை காட்டி, முடி நீளத்தைப் பாத்து, எத்தனை ட்யூப்னு கணக்குப் போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டு வந்துடுங்க, மறுநாள் கடைக்கு போய் அந்த ஷேட மட்டும் வாங்குங்க. இடுப்பு வரைக்கும் பின்னல் போடுற முடிக்கு குளோபல்னா, அதாவது முழு முடிக்கும் கலர்னா, 3, 4 ட்யூப் சாதாரணமா போகும், அதெல்லாம் நம்ம காசு போட்டு வீட்ல வாங்கி வைக்கிற சமாச்சாரமே இல்ல.

பேட்ச் டெஸ்ட்ட நிறைய பேர் சும்மா ஃபார்மாலிட்டின்னு நினைக்கிறாங்க. பெர்மனென்ட் கலர்ல பெரும்பாலும் பிபிடிங்கிற கெமிக்கலோ அதோட சொந்தக்கார கெமிக்கலோ இருக்கும், ஒத்துக்காதவங்களுக்கு காது, கண் இமை எல்லாம் வீங்கிடும். அமோனியா ஃப்ரீன்னு அட்டையில போட்டிருந்தா அலர்ஜி வராதுன்னு அர்த்தம் இல்ல, அமோனியா வேற பிபிடி வேற. பத்து வருஷமா டை அடிக்கிறேன் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்களுக்கும் திடீர்னு வரும். கருப்பு மெஹந்தி கையில போட்டு எப்பவாவது கொப்புளம் வந்திருக்கான்னு கேளுங்க, ஆமான்னா பேட்ச் டெஸ்ட் கூட வேணாம், கலரே வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. அப்படியே கையோட புருவத்துக்கும் கொஞ்சம் போட்டு விடேம்மான்னு கேப்பாங்க பாருங்க, போடவே போடாதீங்க, கண் பார்வை போகலாம்னு அட்டையிலயே எழுதியிருக்கும்.

டெவலப்பர்ல 20 வால்யூம் பெரிய பாட்டில் ஒண்ணு, நரைக்கு அதுதான் சோறு போடுது. 20ன்னா 6 பர்சென்ட் பெராக்சைடு, 10ன்னா 3, 30ன்னா 9, 40ன்னா 12. 10ம் 30ம் சின்ன பாட்டில் போதும், என்னைக்காவது 20 தீந்துட்டா அது ரெண்டையும் சமமா கலந்தா 20 ஆகிடும். 40 வாங்காதீங்க, தலைத்தோல் எரியுறதுக்கு நீங்க வேற காசு குடுக்கணுமா. மே மாசம் ஒரு தடவை 20 வால்யூம் பாட்டில ஸ்கூட்டி டிக்கில மறந்து விட்டுட்டேன், சாயங்காலம் திறந்தா பாட்டில் பூசணிக்காய் மாதிரி உப்பி நிக்குது, மூடியத் திருகினதும் புஸ்ஸுன்னு முகத்துக்கு நேரா. சூட்டுல அது உடைஞ்சு ஆக்சிஜனா போய்டும், மிச்சம் இருக்குறதுல பவர் இருக்காது, நரை பிடிக்காம நம்ம பேரு கெடும். அதனால பெரிய பாட்டில் வீட்ல நிழல்ல இருக்கட்டும், அன்னைக்கு வேணுங்குறத மட்டும் அதே டெவலப்பரோட காலி சின்ன பாட்டில்ல எடுத்துட்டு போங்க, மீந்தத திரும்ப பெரிய பாட்டில்ல ஊத்தாதீங்க, தூசி துரும்பு ஏதாவது சேந்தா முழு பாட்டிலும் கெட்டுடும்.

மத்த சாமான் எல்லாம் வேகமா சொல்லிடுறேன். பிளாஸ்டிக் பவுல் 2, பிரஷ் 3, பிளாஸ்டிக் டெயில் கோம்ப், கிளிப் ஒரு டஜன், நைட்ரைல் கிளவுஸ் ஒரு டப்பா, துணி மேல கறை படாம கழுத்துல கட்டுற கேப் 2, வாஸ்லின், கருப்பு இல்லன்னா பிரவுன் டவல் 4. வெள்ளை டவல் வாங்கினா ஒரே வாரத்துல கரித்துணி. கஸ்டமர் வீட்டு எவர்சில்வர் கிண்ணத்துல கலக்கட்டுமான்னு கேக்காதீங்க, மெட்டல் பட்டா கலர் கெடலாம், அவங்க அடுத்து அதுல சட்னி வேற வைப்பாங்க. தரையில விரிக்க பழைய பிளாஸ்டிக் டேபிள் ஷீட் ஒண்ணு, சோபாவுல உக்காத்தி வைக்காதீங்க, பிளாஸ்டிக் சேர்தான். மொசைக் தரையில சொட்டின கலரை உடனே துடைச்சா போகும், டீ குடிச்சிட்டு துடைச்சா போகாது.

வாஸ்லின நெத்தி ஓரத்துலயும் காதுலயும் தடவிட்டு ஆரம்பிங்க, முடி மேல படாம. நெத்தி ஓரமும் காது பக்கமும்தான் பிடிவாதமான நரை, முதல்ல அங்க போட்டாதான் நேரம் அதிகமா கிடைக்கும். கழுவுறப்ப எடுத்த எடுப்புல தண்ணி ஊத்தாதீங்க, கொஞ்சமா நனைச்சு விரலால ஓரத்துல நுரைக்கிற மாதிரி தேய்ச்சா தோல்ல பட்ட கறை அந்த கலராலயே வந்துடும்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. கலக்குறதுக்கு முன்னாடி பாத்ரூம் குழாயத் திறந்து பாருங்க, நான் பாக்காம மாட்டிக்கிட்டேன். வேளச்சேரில ஒரு ஃபிளாட், மூணாவது மாடி, ஆன்ட்டி தலையில கலர் போட்டு 35 நிமிஷம் ஆச்சு, கழுவப் போனா டேங்க் காலி, மோட்டார் போடுற வாட்ச்மேன் சாப்பிட போயிருக்காரு. கடைசில 20 லிட்டர் கேன் வாட்டர கவுத்துதான் கழுவி விட்டேன், ஆன்ட்டி குனிஞ்ச மேனிக்கே ஒவ்வொரு மக்குக்கும் கேன் விலைய சொல்லிட்டே இருந்தாங்க. அந்த பக்கம் போர் தண்ணி உப்பு ஜாஸ்தி, கலர் சீக்கிரம் மங்குதுன்னு கம்ப்ளெயின்ட் வரும், கலர் ஷாம்பு ஒண்ணும் கண்டிஷனர் ஒண்ணும் பையிலேயே வச்சுக்கோங்க.

பிளீச் பவுடர் மட்டும் இப்போ வேணாம். ஏன்னு சொல்றேன். மடிப்பாக்கத்துல ஒரு பொண்ணுக்கு ஹைலைட்ஸ், அதான் சில கத்தைய மட்டும் பிளீச் போட்டு ஃபாயில்ல மடிச்சு வெளுக்குறது, இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்கன்னு கேட்டேன், அவங்க அம்மா அடுப்படில இருந்தே மருதாணி மட்டும்தாங்குறாங்க. ஃபாயில் மடிச்சு அஞ்சு நிமிஷம் ஆகல, தொட்டுப் பாக்குறேன், இட்லி தட்டு மாதிரி சுடுது. ஓடிப்போய் கழுவிட்டேன், நல்லவேளை முடி கொஞ்சம் சொரசொரன்னு ஆனதோட போச்சு. அப்புறம் பாத்தா மருதாணின்னு அவங்க சொன்னது இலைய அரைச்சது இல்ல, கடையில வாங்குன பாக்கெட் பவுடர். அந்த மாதிரி சில பவுடர்ல உலோக உப்பு கலந்திருக்கும், பெராக்சைடு பட்டதும் கொதிச்சிடும். அதுக்கப்புறம் மருதாணிங்கிற வார்த்தை காதுல விழுந்தாலே சீப்புல வந்த நாலு முடிய எடுத்து, போடப்போற கலவையில அரை மணி நேரம் ஊற வைக்கிறேன். சூடாச்சு, நுரைச்சுது, நிறம் ஒரு மாதிரி மாறுச்சுன்னா அன்னைக்கு வேலை கிடையாது. இதையும் பேட்ச் டெஸ்ட் அன்னைக்கே பண்ணிடுங்க.

கடைசியா ஒரு 40 பக்க நோட்டு. பேரு, தேதி, பேட்ச் டெஸ்ட் என்னைக்கு, நம்பர், கிராம், எத்தனை நிமிஷம். அடுத்த மாசம் போறப்ப ஆன்ட்டி போன தடவை மாதிரியே போடும்மான்னுதான் சொல்வாங்க, போன தடவை என்னன்னு அவங்களுக்கும் தெரியாது நமக்கும் மறந்திருக்கும். ஒரு நம்பர்ல கடைசி ட்யூப்ப உடைச்ச அன்னைக்கே பின் அட்டையில எழுதுங்க, கடைக்கு அந்த லிஸ்ட்ட மட்டும் எடுத்துட்டு போங்க, கடைக்காரர் ஆஃபர் சொன்னா சிரிச்சிட்டு வந்துடுங்க.

அந்த பொண்ணு சீல் உடைக்காத ட்யூப எல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போனா, கடைக்காரர் முணுமுணுத்துட்டே 18 மட்டும் நேச்சுரலா மாத்திக் குடுத்தாராம். ஆஷ் பிளாண்ட் இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு.