பழைய மினி கூப்பர் வாங்கப் போகிறீர்களா? முதலில் பானட்டில் கை வைத்துப் பாருங்கள்

சில கார்கள் பார்த்தவுடன் பிடித்துப்போகும். வட்டமான ஹெட்லைட், குட்டையான முகம், அந்தக் காலத்துக் காரை அப்படியே புதுசாகச் செய்து வைத்த மாதிரி ஒரு தோற்றம். நம் ஊரில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிற அப்படிப்பட்ட சின்னக் கார்கள் என்றால் மினி கூப்பர், ஃபோக்ஸ்வாகன் பீட்டில், எப்போதாவது ஒரு ஃபியட் 500, அவ்வளவுதான். நான் ஓட்டுவது 2015 மாடல் கூப்பர் எஸ். நண்பர்களுக்காக இதுவரை ஏழெட்டு மினியைப் போய்ப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அதில் இரண்டைத்தான் வாங்கச் சொன்னேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். முகம்தான் பழசு, உள்ளே இருப்பது முழுக்க இந்தக் காலத்து மெஷின். 1959ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அசல் மினி வெறும் 3 மீட்டர் நீளம், கையில் நாலு ஸ்பேனர் இருந்தால் கழற்றி மாட்டிவிடலாம். 2001ல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த புது மினி அந்த ரகம் இல்லை. அதற்குப் பின் வந்த மாடல்களில் டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன், கதவுக் கண்ணாடிக்குக்கூட ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல். அம்பாசடர், பத்மினி எல்லாம் பிரித்துப் போட்ட அனுபவசாலி மெக்கானிக்காக இருந்தாலும், சரியான ஸ்கேனர் இல்லாமல் இந்த வண்டியில் கை வைக்க முடியாது. பழைய கார் மாதிரி இருக்கிறதே, செலவும் பழைய கார் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்து வாங்கியவர்கள்தான் ஒரே வருடத்தில் விற்கிறார்கள்.

அதனால் பட்ஜெட்டை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கையில் பன்னிரண்டு லட்சம் இருந்தால் ஒன்பது லட்சத்து வண்டியைத்தான் பார்க்க வேண்டும், மீதி மூன்று லட்சம் முதல் வருடத்து வேலைக்கு. 2014 நவம்பரில் மூன்று கதவு (டிக்கிக் கதவையும் சேர்த்து) கூப்பர் டி இங்கே வந்தபோது ஷோரூம் விலையே 31.85 லட்சம். இன்று அதே வண்டி அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கலாம், ஆனால் அதன் ஹெட்லைட், ஷாக் அப்சார்பர், சென்சார் எல்லாம் இன்னமும் அந்த 31.85 லட்சத்து வண்டிக்குத் தகுந்த விலையில்தான் விற்கும். உதிரி பாகத்துக்கு செகண்ட் ஹேண்ட் விலை கிடையாது.

சரி, எந்த வருடத்து வண்டி? மினி இந்தியாவுக்கு வந்தது 2012ல். அதிலிருந்து 2014 வரை விற்றது இரண்டாம் தலைமுறை, தெரிந்தவர்கள் ஆர்56 என்று சொல்வார்கள், டேஷ்போர்டின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஸ்பீடோமீட்டர் இருக்கும். அதன் இன்ஜின் பெஜோ-சிட்ரோயன் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த 1.6 லிட்டர் பெட்ரோல். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பாகம், ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வ் கவர் கேஸ்கெட் ஆகியவை அந்த இன்ஜினில் உலகம் பூராவும் பேர்போன பலவீனங்கள். 2014 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை, அதாவது எஃப்56, பிஎம்டபிள்யூவின் சொந்த இன்ஜின். கூப்பர் டியில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல், கூப்பர் எஸ்ஸில் 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 192 குதிரைத்திறன். இதில் ஸ்பீடோமீட்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய்விட்டது, நடுவட்டத்தில் ஸ்கிரீன் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், பணம் இடம் கொடுக்கும் என்றால் மூன்றாம் தலைமுறைக்கே போங்கள். ஆர்56 ஓட்டுவதற்கு இன்னும் துடிப்பானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2012 வண்டியின் ஆர்சி 2027ல் 15 வருடத்தைத் தொடுகிறது, எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

இப்போது வண்டியைப் பார்க்கப் போகும் நாள். இதுதான் முக்கியம், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரியே போன் பண்ணி, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், அங்கே போனதும் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே பானட்டில் உள்ளங்கையை வையுங்கள். ஒருமுறை அப்படிப் போனபோது பானட் சுட்டது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஏசி தண்ணீர் சொட்டிச் சின்னதாய்க் குட்டை கட்டியிருந்தது. நேற்று மதியத்திலிருந்து எடுக்கவே இல்லை என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அப்போதே கிளம்பிவிட்டோம். சூடான இன்ஜின் எல்லாச் சத்தத்தையும் மறைத்துவிடும், அதற்காகத்தான் சூடாக்கி வைக்கிறார்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் உள்ளே உட்காராதீர்கள். வேறு யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காதைக் கொடுங்கள். தளர்ந்த சைக்கிள் செயின் செயின் கவரில் உரசி அடிக்குமே, அந்த மாதிரி கடகடவென்று முதல் சில விநாடிகள் கேட்டால் டைமிங் செயின் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது, ஆயில் குறைந்த வண்டியில்தான் அது சீக்கிரம் போகும், அதனால் ஆர்56 என்றால் ஸ்டார்ட் செய்யும் முன்பே டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். மூன்றாம் தலைமுறையில் செயின் பிரச்சினை குறைவு. ஆனால் அதில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, வேலை வந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டிவரும், கூலியே பெரிய தொகை ஆகும்.

பானட் திறந்திருக்கும்போதே இன்னும் இரண்டு இடம். ஒன்று, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போகும் பிளாஸ்டிக் இணைப்புகள், தெர்மோஸ்டாட் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், உப்புப் பூத்த மாதிரி காய்ந்த கறை இருந்தால் கசிவு இருக்கிறது. இன்ஜின் சூடானபின் இனிப்பான ஒரு வாசனை வந்தாலும் அதே அர்த்தம். இரண்டாவதுதான் நம் ரோட்டுக்கே உரியது. முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியோடு சேருகிற வட்டமான இரும்புத் தளம் இரண்டு பக்கமும் தெரியும், அதில் மூன்று நட்டுகள் இருக்கும். வேகமாகப் பள்ளத்தில் இறக்கிய வண்டியில் அந்தத் தளம் காளான் மாதிரி மேலே புடைத்துக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும், பெயிண்ட் நூல் நூலாக வெடித்திருக்கும், நட்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இதில் வருகிற ரன்-ஃப்ளாட் டயர், அதாவது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர், கல் மாதிரி, அடியை வாங்காமல் மேலே கடத்திவிடும், அதனால்தான் இந்தக் கார்களில் இது அடிக்கடி நடக்கிறது.

மினியின் பானட்டில் ஹெட்லைட்டுக்காக இரண்டு வட்டம் வெட்டியிருப்பார்கள். பானட்டை மூடிவிட்டு அந்த வட்டத்துக்கும் லைட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சுற்றிப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே அளவில் இல்லை என்றால் முன்னால் அடிபட்ட வண்டி. டிங்கரிங் செய்பவர் எவ்வளவு கைகாரராக இருந்தாலும் அந்த வட்டத்தைத் திரும்பச் சரியாகப் பொருத்துவது கஷ்டம். மூன்று கதவு மாடலில் கதவுக் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது, கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல் அளவு தானாகக் கீழே இறங்க வேண்டும், மூடியதும் மேலேற வேண்டும். இரண்டு கதவிலும் நாலைந்து தடவை திறந்து மூடுங்கள். சன்ரூஃப் இருந்தால் கூரைத் துணியின் மூலைகளில் மஞ்சள் கறை இருக்கிறதா பாருங்கள், தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருந்தால் அங்கேதான் இறங்கும்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர், இந்த இரண்டு வெள்ளத்திலும் வண்டி எங்கே நின்றது என்று கேட்டே ஆக வேண்டும். வேளச்சேரிப் பக்கம் ஒரு வண்டி பார்த்தோம், வெளியே கண்ணாடி மாதிரி பாலிஷ், உள்ளே புது சீட் கவர், நல்ல வாசனை. டிரைவர் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, சீட் ஓடுகிற ரெயிலின் போல்ட்டில் டார்ச் அடித்தால் காவி நிறத்தில் துரு. கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினால் அடியில் இருந்த பஞ்சு ஈரம் காயாமல் கட்டிபிடித்துக் கிடந்தது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தபோது கடைசி ஒரு முழத்தில் சேறு படிந்த கோடு. ஆர்56ல் லைட், கண்ணாடி எல்லாவற்றையும் நடத்துகிற மாட்யூல் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே அது போச்சு. வெள்ளத்தில் நின்ற மினியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது கேளுங்கள். ஒரு மெயின் ரோடு, ஒரு டிராஃபிக் சிக்னல், ஒரு மோசமான தெரு, மூன்றும் வேண்டும். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது "டொக்" என்று கேட்டால் சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ ஷாக் அப்சார்பர் மவுண்ட்டோ போயிருக்கலாம், இது வழக்கமான தேய்மானம், விலையில் குறைத்துக்கொண்டால் போதும். ஆட்டோமேட்டிக் கியர் நன்றாகச் சூடானபின் டி-யிலிருந்து ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றிப் பாருங்கள், முதுகில் தள்ளுகிற மாதிரி உதறினால் அது பெரிய செலவு. ஓட்டி முடித்ததும் ஏசியோடு பத்து நிமிடம் நிற்கவிட்டு, பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லி சைலன்சரைப் பாருங்கள், நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

அப்புறம் டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ம் வருடம் 23வது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய ரன்-ஃப்ளாட் என்றால் நான்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் எழுதுங்கள். ஸ்டெப்னி இந்த வண்டியில் கிடையாது.

இதெல்லாம் தேறினால் மட்டும் பிஎம்டபிள்யூ, மினி வேலை செய்கிற தனி ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோய் ரேம்ப்பில் ஏற்றுங்கள், அவர்கள் கேட்கிற காசைக் கொடுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற சாதாரண ஓபிடி ஸ்கேனர் இன்ஜினின் பிழைக் குறியீட்டை மட்டும்தான் காட்டும், எல்லா மாட்யூலையும் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி எடுக்கச் சொல்லுங்கள், 2019ல் 60,000 ஓடிய வண்டி இன்று 48,000 காட்டினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். ரேம்ப்புக்கு விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது, டோக்கன் அட்வான்ஸ் அதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பேப்பர் விஷயத்தில் இந்த வகைக் கார்களுக்கென்றே சில சிக்கல் உண்டு. வரி குறைவு என்று புதுச்சேரியில் பதிவு செய்த வண்டிகள் நிறைய. பிஒய் நம்பர் வண்டியை வாங்கித் தமிழ்நாட்டில் ஓட்டினால் இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும், அந்தத் தொகையை ஆர்டிஓ ஆபீசில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லி டீசல் வண்டி ஆச்சரியமான விலைக்கு வருகிறது என்றால், அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்த காரணத்தால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். வெளிமாநில வண்டிக்கு ஃபார்ம் 28ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும். உள்ளூர் வண்டி என்றால் பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30, லோன் இருந்திருந்தால் ஃபார்ம் 35ம் பேங்க் என்ஓசியும். லோன் கட்டிமுடித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, ஆர்சியில் அந்த ஹைப்போதிகேஷன் (பேங்க் அடமானக் குறிப்பு) நீங்கியிருக்க வேண்டும், எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் தெரியும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், பழைய ஓனரின் என்சிபி, அதாவது கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது.

பீட்டில், ஃபியட் பற்றியும் கேட்பீர்கள். 2015 டிசம்பரில் வந்த 1.4 டிஎஸ்ஐ பீட்டில் ஓட்டுவதற்கு இதமான வண்டி, ஆனால் அதன் டிஎஸ்ஜி என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் சென்னை டிராஃபிக்கில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். 2008ல் வந்த ஃபியட் 500 வினோதமான கேஸ்: 1.3 மல்டிஜெட் டீசல், ஸ்விஃப்ட்டிலும் விஸ்டாவிலும் ஓடிய அதே குடும்பத்து இன்ஜின், எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார். ஆனால் பம்பரோ கண்ணாடியோ உடைந்தால் தேடித்தான் அலைய வேண்டும்.

வாங்கி முடித்த முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள், விற்பவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும். அப்புறம், பணத்தை முழுசாகக் கொடுக்கும் முன் இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டாலும் ஒருமுறை பூட்டித் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். தொலைந்த சாவிக்கு ஆர்சி காட்டி ஆர்டர் போட்டு, வண்டிக்கு கோடிங் செய்து வாங்க வேண்டும், அதுவரை கையிலிருக்கும் ஒற்றைச் சாவியோடுதான் ஓட்டியாக வேண்டும்.