மூன்று பேனல் வைத்தால் சுற்றிலும் தெரிந்துவிடுமா?

வேலூர்ப் பக்கம் பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளில் ஃபேஸ்டு அரே ரேடாருக்கு நல்ல மவுசு. அதில் தட்டு சுழலாது; பேனல் எனும் பலகையில் வரிசையாக நிற்கும் ஆன்டெனாக்களுக்கு வெவ்வேறு ஃபேஸ் (அலையின் கட்டம்) கொடுத்தே பீமை, அதாவது ரேடியோ அலைக்கற்றையை, திருப்பலாம். அதுவரை சரி. 360 டிகிரியும் பார்க்க வேண்டும் என்றதும்தான் கணக்கு இடறுகிறது.

பெரிய தவறு, மூன்று பேனல் வைத்து, பேனலுக்கு 120 டிகிரி என்று சமமாகப் பங்கு போட்டுவிட்டு, எல்லாத் திசையிலும் ஒரே தூரம் எட்டும் என்று நம்புவது. பேனலின் முகத்துக்கு நேரான திசையிலிருந்து பீம் விலக விலக, பேனலின் பயன்படும் பரப்பு சுருங்கும். 120 டிகிரிப் பங்கின் ஓரமான 60 டிகிரியில் பாதிதான் மிஞ்சும்; பீமும் இரண்டு மடங்கு அகலமாகிவிடும். அனுப்புகையில் பாதி, வாங்குகையில் பாதி என்பதால் எதிரொலி கால்பங்காகும். எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்வதால், எட்டும் தூரம் சுமார் 70 சதவீதமாகக் குறையும். உண்மையில் இழப்பு இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். நான்கு பேனல் என்றால் 45 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளலாம், தூரத்தில் 84 சதவீதம் தேறும். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா போர்க்கப்பலில் நான்கு பேனல்கள்தான். மூன்று கூடாது என்றில்லை. நம் விமானப்படையின் ஃபால்கன் கண்காணிப்பு விமானத்தின் முதுகிலுள்ள குடைக்குள் மூன்றுதான் உள்ளன. இன்னொரு கண்காணிப்பு விமானமான நேத்ராவோ முதுகில் இருபக்கப் பேனலோடு 240 டிகிரி போதும் என்று விட்டுவிட்டது. எதுவானாலும் ஓரத்தில் எட்டும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, ஆன்டெனாக்களுக்கு நடுவே விடும் இடைவெளியை வேறொரு ரேடாரிலிருந்து காப்பியடிப்பது. சித்தூர் தாண்டித் திருப்பதி போகும் வழியில் காதங்கியில் 1024 யாகி ஆன்டெனாக்களோடு (பழைய வீட்டு டிவி ஆன்டெனா வகை) ஒரு ரேடார் இருக்கிறது. அங்கே இடைவெளி சுமார் 0.7 அலைநீளம். அது வானத்தை அண்ணாந்து பார்ப்பது, உச்சியிலிருந்து 20 டிகிரிதான் சாயும், அதனால் தாங்குகிறது. 60 டிகிரி வரை திருப்பும் பேனலில் அதே இடைவெளியை வைத்தால், வேறொரு திசையில் போலி பீம் முளைக்கும். இல்லாத இடத்தில் இலக்கு தெரியும். பாதி அலைநீளத்தை ஒட்டியே வையுங்கள்; 10 கிகாஹெர்ட்ஸில் அது 15 மில்லிமீட்டர்.

ஃபேஸை ஒரே அதிர்வெண்ணுக்குக் கணக்கிட்டு, அகலமான பேண்டில் (அதிர்வெண் பரப்பில்) ஓட்டுவதும் உண்டு. 60 டிகிரியில் அதிர்வெண் ஒரு சதவீதம் மாறினாலே பீம் ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்ந்துவிடும்.

அப்புறம், ரேடார் எட்டும் பரப்பைக் காட்டும் அந்த வட்டம். வரைபடத்தில் வேலூர் நடுவில் புள்ளி வைத்து 100 கிலோமீட்டருக்குச் சுற்றி வரைந்துவிடுகிறார்கள். ஊரைச் சுற்றி நிற்பது மலை. தாழப் பறப்பது அதன் பின்னால் போனால், பீமை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் தெரியாது. செங்குத்தாக நிறுத்திய பேனலுக்குத் தலைக்கு நேர்மேலே இருப்பதும் தெரியாது. கொஞ்சம் பின்னால் சாய்த்தால் அந்த இருட்டு சுருங்கும், முழுதும் போகாது.