அனல் மின்சாரத்தையும் காற்று, வெயில் மின்சாரத்தையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி

காற்றாலையும் சூரியத் தகடுமே போதும் என்பவருக்கும், அனல் மின் நிலையம் இல்லாவிட்டால் ஊர் இருண்டுவிடும் என்பவருக்கும் நடக்கும் வாதத்தில், பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கிறது. ஒருவர் நண்பகல் விலையைப் பேசுகிறார். மற்றவர் இரவு எட்டு மணித் தேவையைப் பேசுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க விரும்பும் மாணவர், ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிமுறையை எழுதுகிறேன். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று, கமுதியின் வெயில் ஆகிய மூன்றும் கிடைக்கும் தமிழ்நாட்டிலிருந்தே எடுத்துக்காட்டுகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, மெகாவாட்டை யூனிட்டாக மாற்றுவது. மெகாவாட் என்பது ஒரு நிலையம் ஒரு நொடியில் எவ்வளவு தர வல்லது என்பதைச் சொல்லும். உண்மையில் எவ்வளவு தந்தது என்பதை யூனிட் மட்டுமே சொல்லும். ஒரு கிலோவாட், அதாவது மெகாவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு யூனிட். 1,000 மெகாவாட் நிலையம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 876 கோடி யூனிட் கிடைக்கும். எந்த நிலையமும் அப்படி ஓடுவதில்லை. அனல் நிலையம் சராசரியாக 65 விழுக்காட்டில் ஓடுவதாகக் கொண்டால் 569 கோடி யூனிட் உற்பத்தியாகும். அதிலும் நிலக்கரியை அரைக்கும் ஆலைகள், விசிறிகள், நீரேற்றும் பம்புகள் ஆகியவற்றுக்காக நிலையமே சுமார் 7 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதால் வெளியே வருவது 529 கோடி யூனிட் அளவில் நிற்கும். அதே 1,000 மெகாவாட் சூரிய மின் நிலையம் 19 விழுக்காட்டுக் கணக்கில் 166 கோடி யூனிட்டும், காற்றாலைத் தொகுப்பு 28 விழுக்காட்டுக் கணக்கில் 245 கோடி யூனிட்டும் தரும். ஆகவே ஒரு மெகாவாட் அனல் திறன் தரும் மின்சாரத்துக்கு ஈடாக மூன்று மெகாவாட்டுக்குச் சற்று மேலான சூரியத் திறன் வேண்டும். இந்த விழுக்காடுகள் இடத்துக்கு இடமும் இயந்திரத்துக்கு இயந்திரமும் மாறுபவை என்பதால், உங்கள் கணக்கில் அந்தந்த நிலையத்தின் முந்தைய ஆண்டு உற்பத்தியைக் கேட்டுப் பெற்று இட்டுக்கொள்வதே சரி.

இரண்டாவது வேலை, அந்த யூனிட் எந்த மாதத்தில், எந்த மணியில் கிடைக்கிறது என்று பார்ப்பது. ஒப்பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான விவாதங்கள் இதைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன. ஆண்டு மொத்தத்தை விட்டுவிட்டு நான்கு பொழுதுகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: மே மாதப் பிற்பகல், மே மாத இரவு, ஆடி மாத நள்ளிரவு, கார்த்திகை மாத மாலை.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. மே மாதப் பிற்பகலில் வெயிலும் தேவையும் சேர்ந்தே ஏறுவதால் சூரிய மின்சாரம் அப்போது முழுப் பயன் தருகிறது. ஆனால் குளிர்சாதனங்கள் ஓடும் அதே நாளின் இரவுக்கு வெயில் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றும் இன்னும் வலுப்பெற்றிருக்காது. அந்த இரவை அனல், புனல், அணு மின் நிலையங்களே பெரும்பாலும் தாங்குகின்றன. ஆடியில் நிலைமை தலைகீழாகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் காற்றாலையைக் கண்டதில்லை. ஆனால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே எந்தக் காற்று வரும் என்பதை அறிந்திருந்தார்கள். நள்ளிரவில் தேவை குறைந்து காற்று மிகும்போது அனல் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். கொதிகலனை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. வழக்கமான வரம்பு முழுத் திறனில் 55 விழுக்காடு. அதனால் சில வேளைகளில் வீசும் காற்றை வீணாக்கிக் காற்றாலைகளையே நிறுத்த நேர்கிறது. இந்த இழப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்பார்கள். என் கருத்தில், வளைந்து கொடுக்காத பழைய கொதிகலனின் செலவில்தான் எழுத வேண்டும்.

கடினமான தேர்வு கார்த்திகை மாலைதான். வானம் மூடியிருக்கும், காற்று தளர்ந்திருக்கும், மாலை ஆறு மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டியிருக்கும். அந்தப் பொழுதுக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லாத எந்தத் திட்டத்தையும் முழுத் திட்டமாக ஏற்க வேண்டாம். அதே கண்டிப்பை அனல் பக்கத்திலும் காட்டுங்கள். கொதிகலன் குழாயில் கசிவு ஏற்பட்டு 210 மெகாவாட் அலகு திடீரென நின்றது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஒடிசாவின் தால்செரில் வெட்டப்படும் நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் சேர வேண்டியிருக்கிறது; அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நிலையம் நிற்கும். காற்று ஓய்வதை முந்தைய நாளே ஓரளவு கணித்துவிடலாம், ஆனால் அது ஓயும்போது வட்டாரம் முழுவதும் ஒன்றாக ஓயும். கொதிகலன் பழுது முன்னறிவிப்பின்றி வரும், ஆனால் ஓர் அலகோடு நிற்கும். இரண்டுக்கும் வேண்டிய காப்பு வேறு வேறு.

காப்பு என்றதும் மின்கலத்தை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. மிகுதியான மின்சாரத்தால் கீழ் அணையின் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் திறந்துவிடுவது அதன் வேலை. நூறு யூனிட் செலவிட்டு ஏற்றினால் ஏறத்தாழ 75 யூனிட் திரும்பக் கிடைக்கும். ஆகவே 2.50 ரூபாய்க்கு வாங்கிய பகல் யூனிட், இரவில் வெளியே வரும்போது இழப்பினால் மட்டுமே 3.33 ரூபாய் ஆகிவிடுகிறது. அணையும் சுரங்கமும் கட்டிய செலவு அதன்மேல் ஏறும். இப்படிச் சேமித்த யூனிட்டின் விலையைத்தான் அனல் நிலையத்தின் இரவு யூனிட்டோடு ஒப்பிட வேண்டும்.

விலையை எடுக்கும்போது அதன் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2015இல் ஒப்புக்கொள்ளப்பட்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 2017 மே மாதத்தில் ராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் அது 2.44 ரூபாயாக இறங்கியது. எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே முடிவும் ஒளிந்திருக்கிறது. அனல் மின்சாரத்தின் விலையில் இரண்டு பகுதிகள் உண்டு. கட்டுமானக் கடனையும் பராமரிப்பையும் ஈடுகட்டும் நிலைக் கட்டணத்தை, மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். எரிபொருளுக்கான மாறும் கட்டணம் எடுத்த யூனிட்டுக்கு மட்டுமே. ஏற்கெனவே உள்ள நிலையத்துக்குப் பதிலாகக் காற்று மின்சாரம் வாங்கினால் மிச்சமாவது மாறும் கட்டணம் மட்டும். இனிமேல்தான் கட்டப்போகும் நிலையத்தைத் தவிர்த்தால் இரண்டுமே மிச்சம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் பழைய நிலையத்தை மூடுவதன் ஆதாயம் பெரிதாகவும், புதியதைக் கட்டாமல் விடுவதன் ஆதாயம் சிறிதாகவும் தோன்றிவிடும்.

விலைச்சீட்டில் வராத செலவுகளுக்குத் தனி ஏடு திறக்க வேண்டும். முன்சொன்ன 1,000 மெகாவாட் அனல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் நிலக்கரி எரியும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் என்பதால், 35 விழுக்காட்டுக் கணக்கில் 14 லட்சம் டன் சாம்பல் மிஞ்சும். அதில் ஒரு பகுதி சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. அது உண்மையான பயன், அதை வரவில் எழுதலாம். மீதி சாம்பல் குளத்துக்குப் போகிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மக்களின் தொழில் சுருங்கிய கதையை எந்த மின் கட்டணமும் சொல்வதில்லை. அந்த மக்கள் தங்கள் பிழைப்பைக் கொடுத்து நம் யூனிட்டின் விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். கந்தக வாயுவைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் விதி வந்தும் கெடு பலமுறை தள்ளிப்போனது. நிறுவாத கருவியின் செலவும் அந்த மலிவு விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதே விதி கடல்நீரைப் பயன்படுத்தாத பழைய நிலையங்களுக்கு வைத்த நீர் வரம்பு, யூனிட்டுக்கு 3.5 லிட்டர். சூரியத் தகட்டுக்குக் கழுவும் நீர் மட்டும் போதும்.

கரிமக் கணக்கில், காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2014இல் வெளியிட்ட நடுமதிப்புகள் உதவும்: ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் வாயு, கரியமில வாயுக் கணக்கில், நிலக்கரிக்கு 820 கிராம், இயற்கை எரிவாயுவுக்கு 490, பெரிய சூரிய நிலையத்துக்கு 48, நிலத்துக் காற்றாலைக்கு 11. தகடும் கோபுரமும் செய்யும் ஆலையில் வெளியான கரிமமும் இவற்றில் அடங்கும் என்பதால், தகடு செய்யவும் நிலக்கரி எரிகிறதே என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது.

நிலத்தில் மட்டும் சூரிய மின்சாரத்தின் பக்கம் கண்டிப்பாக இருங்கள். கமுதித் திட்டம் சுமார் 2,500 ஏக்கரில் பரவியிருக்கிறது. மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் அளவு. காற்றாலைகளின் இடையே உழவு தொடரலாம், தகடுகளின் கீழே பெரும்பாலும் முடியாது. தரிசு என்று பதிவேட்டில் எழுதப்பட்ட நிலம் யாருடைய ஆடுகளுக்கு மேய்ச்சலாக இருந்தது என்பதை நேரில் போய்க் கேட்க வேண்டும். அனல் பக்கத்தில் நிலையத்தின் சுற்றுச்சுவரோடு நிறுத்தாமல், சுரங்கத்தையும் சாம்பல் குளத்தையும் நிலக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீட்டுக் கூரைக்கு இதே முறை சுருக்கமாகப் பொருந்தும். 3 கிலோவாட் அமைப்பு நாளுக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 720 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சராசரி விலையை விட்டுவிட்டு, மேல் அடுக்குகளில் எத்தனை யூனிட் குறையும் என்று பழைய ரசீதுகளை வைத்துக் கணக்கிடுங்கள்; 200 யூனிட்டுக்குள் செலவிடும் வீட்டுக்கு முதலீடு திரும்ப நெடுங்காலம் ஆகும். நிகர அளவீட்டு முறையில் பகலில் கூரை வெளியே தரும் யூனிட்டும் இரவில் வீடு எடுக்கும் யூனிட்டும் ரசீதில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஆனால் இரவில் எரியும் நிலக்கரி அப்படிக் கழிவதில்லை. தண்ணீர் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே ஓட்டினால், ரசீதில் ஒரு ரூபாய்கூட மாறாமல் போகலாம். ஆனால் மாலை உச்ச நேரத்தில் கொதிகலனுக்குப் போகும் நிலக்கரி அந்த அளவுக்குக் குறையும்.