ஊட்டுவதை நிறுத்திய பிறகு

கரண்டியைக் கண்டதும் என் மூன்று வயது மகள் உதடுகளை இறுக்கிக்கொள்வாள். நானோ கைப்பேசியில் படம் ஓடவிட்டு, அவள் வாய் திறக்கும் கணத்தில் உணவைத் திணித்துவிடுவேன். எடை ஏறவில்லையே என்ற அச்சம்தான் காரணம். முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்காகும் குழந்தை, 2 வயதுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் கூடும் என்பதையும், பசியும் அதற்கேற்பக் குறையும் என்பதையும், வளர்ச்சி வரைபடத்தில் அவளுடைய புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டிச் செல்வதைக் காட்டி மருத்துவர் விளக்கினார். அன்றுமுதல் என்ன, எப்போது என்பதை நான் முடிவு செய்து, எவ்வளவு என்பதை அவளிடமே விட்டேன்; இடையிடையே கொடுத்த பாலையும் குறைத்தேன் (உண்மையான குற்றவாளி அதுதான் என்பது என் ஐயம்). முதல் வாரம் பாதித் தட்டு மிஞ்சியது. தூக்கம் போனது எனக்குத்தான். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், "இன்னும் கொஞ்சம்" என்று அவளே தட்டை நீட்டினாள்.