மதுரைப் பக்கம் மனை, நிலம் விட்டு வெளிநாடு வந்தவர்களுக்கு

வந்த புதிதில் வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று ஓடுவதில் ஊர் மனை நினைவுக்கே வராது. ஒத்தக்கடையிலோ திருமங்கலத்திலோ உங்கள் பெயரில் இடம் இருந்தால் அப்படி விட்டுவிடாதீர்கள். நீங்கள் பத்திரம் முடித்தபோது இருந்த விதிகளில் பல இன்று இல்லை.

முதலில் பவர், அதாவது உங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அண்ணனுக்கோ மாமாவுக்கோ அவசரமாகப் பொது அதிகாரம் எழுதாதீர்கள். பட்டா மாறுதல், வரி கட்டுதல், வழக்கு நடத்துதல் என்று வேலையைச் சொல்லி, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லையோடு எழுதுங்கள். விற்கும் அதிகாரம் தேவைப்படும்போது தனியாகக் கொடுக்கலாம். இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்திடுங்கள். அந்தத் தாள் ஊர் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதிகம் சறுக்குவது இங்கேதான்: "தம்பி வந்ததும் பார்த்துக்கலாம்" என்று பீரோவில் வைத்துவிடுவார்கள், கெடு கடந்துவிடும். கூரியர் உறையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். வந்து சேர்ந்த தேதிக்கு அதுவே சாட்சி. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அன்றோடு முடிந்தது. பவர் எழுதி வாங்கியதாலேயே சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். தெரியாத பெயரில் ஒரு பதிவு வந்திருந்தால் உடனே அந்தப் பத்திரத்தின் நகல் எடுங்கள். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தில் 2022இல் வந்த 77-ஏ பிரிவு செல்லாது என 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய காணொளிகளை நம்பி மனு எழுதிக்கொண்டு காலத்தைத் தொலைக்காதீர்கள். காவல்துறையில் புகார், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு, இரண்டும் வேண்டும். வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. வேலி போட்டு அனுபவிப்பவரை 12 ஆண்டு கண்டுகொள்ளாமல் விட்டால் இடமே அவருடையதாகிவிடலாம்.

வயலைப் பொறுத்தவரை, வெளிநாட்டுவாசியான பிறகு புதிதாக வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான்.

வீடு கட்டுவதானால், 2500 சதுர அடி வரையான மனையில் 3500 சதுர அடிக்குள் 2024 ஜூலை முதல் சுயசான்று (விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி பெறுவது) போதும். ஆனால் மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயர வரம்பு உண்டு. கொத்தனார் "மாடி போட்டுக்கலாம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

விற்கும்போது 23.7.2024க்குப் பிறகான விதி: இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்தின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கக் கழிவோடு பழைய 20 சதவீதத்தைத் தேர்வு செய்யும் வாய்ப்பு வெளிநாட்டுவாசிகளான நமக்கில்லை. வாங்குபவர் விலையில் வழக்கமான 1 சதவீதத்தை வரியாகப் பிடித்தால் போதாது. பிறகு நோட்டீஸ் அவருக்குப் போகும், சண்டை உங்களிடம் வரும். வரியைக் குறைவாகப் பிடிக்க அனுமதிக்கும் சான்றுக்குக் கிரயத்துக்கு முன்பே வருமானவரித் துறையில் விண்ணப்பியுங்கள். கிரயம் முடிந்த பின் அது கிடைக்காது.