நியூ ஃபாரஸ்ட்ல கார் ஓட்டும்போது மட்டக்குதிரைங்க மேல மோதாம இருக்க என்ன பண்ணணும்

இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பக்கத்துல இருக்குற நியூ ஃபாரஸ்ட்டுக்கு கார் எடுத்துட்டு போறீங்கன்னா ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, அங்க ஆயிரக்கணக்கான மட்டக்குதிரைங்க அவுத்து விட்டபடி மேயுது, கூடவே மாடு, கழுதையும். பாக்க காட்டு மிருகம் மாதிரி இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரங்க உண்டு, காமனர்ஸ்னு சொல்லுவாங்க, மேய்ச்சல் உரிமை அவங்க வீடு, நிலத்தோட சேர்ந்து வர்றது.

ஏ31 மாதிரி மெயின் ரோட்டுக்கு வேலி போட்டிருக்கு. உள்ள போற ரோடுங்களுக்கு பெரும்பாலும் கிடையாது. கால்நடை தாண்டிப் போகாம இருக்க ரோட்டுக்குக் குறுக்க இரும்புக் கம்பி பதிச்ச 'கேட்டில் கிரிட்' (cattle grid) மேல டயர் கடகடன்னு ஏறுச்சுன்னா அதுங்க இடத்துக்குள்ள வந்துட்டீங்கன்னு அர்த்தம், அங்கயே காலை ஆக்ஸிலரேட்டர்ல இருந்து எடுத்துருங்க.

வேலியில்லாத ரோட்டுல லிமிட் 40 மைல். ஆனா அது பகல்ல, ரோடு காலியா இருக்கும்போது. 40ல போனா வண்டி முழுசா நிக்க 36 மீட்டர் ஆகும், 30ல போனா 23 மீட்டர், காஞ்ச ரோட்டுலயே இந்தக் கணக்குன்னா மழையில யோசிச்சுக்கோங்க. அதனால இருட்டுனப்புறம் 30க்கு மேல போகாதீங்க, பின்னாடி வர்றவன் ஒட்டிக்கிட்டு வந்தா ஒதுங்கி வழி விடுங்க, அவனுக்காக ஸ்பீடு ஏத்தாதீங்க.

ராத்திரி தான் ரொம்ப மோசம். கருப்பு, அடர் பழுப்பு நிறக் குதிரைங்க ஹெட்லைட்ல லேசுல தெரியாது, சிலதுக்கு மின்னுற காலர் கட்டியிருப்பாங்க, எல்லாத்துக்கும் இருக்காது. எதிர்ல வண்டி வந்து கண்ணு கூசுற அந்த சில நொடி நமக்கு முன்னாடி என்ன நிக்குதுன்னே தெரியாதுல்ல, அப்போ கண்டிப்பா ஸ்லோ பண்ணணும். அக்டோபர் கடைசியில கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சதும் ஆஃபீஸ் விட்டு வர்ற நேரமே இருட்டிடும், தினம் அந்த வழியா போறவங்க ரோடு நல்லா பழக்கம்னு நம்பி வேகமா போவாங்க, தயவுசெஞ்சு அப்படிப் போகாதீங்க.

வசந்த காலத்துல குட்டிங்க பிறக்கும். தாய் ரோட்டுக்கு ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்னா குட்டி எந்த நிமிஷமும் குறுக்க ஓடும், ஒரு குதிரையப் பாத்தாலே இன்னொண்ணு எங்கன்னு தேடுங்க. கடக்கும்போது மெதுவா, நல்லா தள்ளிப் போங்க, ஹாரன் வேண்டாம். நடு ரோட்டுல நின்னா காத்திருங்க, அதுவே நகரும்.

பிஸ்கட், கேரட்னு எதுவும் குடுக்காதீங்க. குழந்தைங்க ஆசைப்படும் தான், ஆனா கார்ல இருந்து தீனி வரும்னு பழகிட்டா அதுங்க ரோட்டோரத்தயே சுத்தி வரும், சாகுறது அங்க தான்.

மோதிடுச்சுன்னா நிறுத்துங்க, ஹஸார்ட் லைட் போடுங்க, அவசர நம்பர் 999க்கு ஃபோன் அடிங்க. அடிபட்ட குதிரை உதைக்கும், கிட்ட போகாதீங்க. குதிரை மேல மோதுனா போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு அங்க சட்டம், அதுவும் 24 மணி நேரத்துக்குள்ள. குதிரைங்கள கவனிக்கவே இருக்குற அஜிஸ்டர்ஸ் ராத்திரி பகல் பாக்காம வருவாங்க, வால் முடி வெட்டியிருக்குற விதத்தப் பாத்தே அது எந்த அஜிஸ்டர் ஏரியா குதிரைன்னு சொல்லிடுவாங்க. மோதுனப்புறம் அது எழுந்து காட்டுக்குள்ள ஓடிட்டாலும் சொல்லாம கிளம்பிடாதீங்க, உள்காயத்தோட எங்கயோ கிடக்கும், எந்த ரோடு, எந்தப் பக்கமா ஓடுச்சுன்னு நீங்க சொன்னா தான் அவங்களால தேடிப் போக முடியும்.