சிறார் நூலுக்குப் படம் வரைய வருவோர் கேட்காமல் விடும் கேள்விகள்

சிறார் நூல்களுக்குப் படம் வரையத் தொடங்குவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் நேர்வன அல்ல. தூரிகையை எடுக்கும் முன் பதிப்பாளரிடம் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றைக் கூச்சத்தினால் கேட்காமல் விடுவதால்தான் அவை நேர்கின்றன. மதுரையில் இருந்துகொண்டு வெளியூர்ப் பதிப்பகங்களுக்கு வரைகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கூச்சம் சற்று அதிகம். பேச்சு முழுவதும் தொலைபேசியிலேயே முடிந்துவிடுவதால் எழுத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை.

நூல் எத்தனை பக்கம், என்ன அளவு, எப்படிக் கட்டப்படும் என்பவற்றை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் பின் அடிக்கும் நூலின் பக்கங்கள் 4இன் மடங்காகத்தான் அமைய முடியும். படநூல்கள் 16, 24, 32 பக்கங்களில் வருவதும் தாளை மடிக்கும் கணக்கினால்தான். இதை அறியாமல் 21 காட்சிகளை வரைந்து முடித்தவர், பிறகு தமக்குப் பிடித்த காட்சிகளையே வெட்ட நேரும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் விரியும் படத்தின் நடுவில் முகம் எதையும் வைக்கக் கூடாது என்பதை என் முதல் நூல் எனக்குக் கற்பித்தது. அதில் பாட்டியின் மூக்கில் பாதி நூல் கட்டும் நடு மடிப்புக்குள் போய்விட்டது. ஓரம் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வரைவது, 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறையாமல் ஸ்கேன் செய்வது போன்றவற்றை அச்சகத்தாரே சொல்லிவிடுவார்கள். நிறம் அப்படியல்ல. திரையில் ஒளிரும் பச்சையை நான்கு மைகளால் அச்சில் அப்படியே கொண்டுவர முடியாது. அழகரின் பச்சைப்பட்டை நான் திரையை நம்பித் தீட்டியபோது, அச்சாகி வந்தது தெப்பக்குளத்துப் பாசியின் நிறம். மாதிரி அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்த்திருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம்.

நூல் எந்தெந்த மொழிகளில் வரப்போகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கும் வாக்கியம் தமிழில் இரண்டு வரிகளுக்கு நீள்வது வழக்கம். அதற்கான வெற்றிடம் படத்தில் இல்லாவிட்டால் எழுத்து யாராவது ஒருவர் தலைமேல் ஏறும்.

வரையும்போது நேரும் தவறுகளில் பெரியதென்று நான் கருதுவது, வாசகம் சொன்னதையே படமும் சொல்வது. “பாட்டி கிணற்றடியில் மீன் கழுவினாள்” என்ற வரிக்குப் பாட்டியையும் கிணற்றையும் மீனையும் மட்டும் வரைந்தால் அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு வேலையே இல்லை. துவைகல்லுக்குப் பின்னால் ஒரு பூனையின் வால் தெரிந்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை பெரியவர்களுக்கு முன்பே கதையைக் கண்டுபிடித்துவிடும். கதாபாத்திரத்தின் முகமும் உடையும் பக்கத்துக்குப் பக்கம் மாறுவது அடுத்த தவறு. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த, தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனைப் பல தலைமுறையினர் ஒரே ஆளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். முன், பின், பக்கவாட்டு என ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தாளில் வரைந்து எதிரே ஒட்டிக்கொள்வது இதற்கு உதவும்.

இணையப் படங்களை மட்டும் பார்த்து வரைவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஜல்லிக்கட்டுக் கதை ஒன்றுக்கு வந்த படத்தில் காளைக்குத் திமில் இல்லை. ஸ்பெயின் நாட்டு மாட்டை யாரோ வாடிவாசலில் நிறுத்தியிருந்தார்கள். வீரர் தழுவ வேண்டியதே திமிலைத்தான் என்னும்போது, அந்தப் பிள்ளை எதைப் பிடித்துத் தொங்குவான்? அலங்காநல்லூருக்கோ, ஆற்றில் அழகர் இறங்கும் நாளில் துருத்தியால் நீர் பீய்ச்சுவோர் நடுவிலோ ஒரு காலைப்பொழுது நோட்டும் பென்சிலுமாக நின்றால் கிடைப்பது எந்தத் தேடலிலும் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட விலை கூடிய தவறு, ஒப்பந்தம் இல்லாமல் வரைவது. பணம் கொடுத்து ஒருவர் கேட்டதன்பேரில் தீட்டப்படும் ஓவியத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் பதிப்புரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே உரிமை ஓவியருடையது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பின் உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் அதுவும் எழுத்தில், கையொப்பத்துடன்தான் செல்லும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. என் படங்கள் ஒருமுறை நாட்காட்டியில் வந்தபோது கேட்க எனக்கு வாய் இருந்தது, காட்டக் காகிதம் இல்லை. முன்பணம் எவ்வளவு, எத்தனை திருத்தங்கள் வரை அதே தொகைக்குள் அடங்கும் என்பவற்றையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடலாம். உரிமையை விற்ற பிறகும், படத்தை வரைந்தவர் தாமே என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஓவியரிடமே இருக்கிறது. எனவே பெயர் போடச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

சிறார் கதைகளை இணையத்தில் எவரும் எடுத்தாள விடும் ஸ்டோரிவீவர் போன்ற திறந்த தளங்களுக்கு வரையும்போது, கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொதுப் பயன்பாட்டு உரிமத்தைப் படித்துவிட்டே சம்மதிக்க வேண்டும். பெயரைக் குறிப்பிட்டால் யாரும் படத்தை மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்ற உரிமத்தை ஒருமுறை கொடுத்தால், அதன்படி எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பெற இயலாது. தாளில் தீட்டிய மூலப்படம் இந்த உரிமைகளிலிருந்து வேறான ஒரு பொருள் என்பதால், ஸ்கேன் முடிந்ததும் அது எத்தனை நாளில், யார் செலவில் திரும்பி வரும் என்பதையும் ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.